ஊறுகாய்ச் சாறு ஆட்டம்: 43 டிகிரி வெயிலில் ஈகிள்ஸ் வென்றது எப்படி?

2000 செப்டம்பர் 3 அன்று டெக்சஸ் மாநிலத்தின் இர்விங் நகரில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியை பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 41-14 என்று வீழ்த்தியது. ஆட்டம் தொடங்கிய பிற்பகல் வேளையில் வெப்பநிலை 109 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 டிகிரி செல்சியஸ். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் தொழில்முறை லீக்கில் மிக வெப்பமான ஆட்டம் என்று பதிவானது இதுதான். ஆனால் ரசிகர்கள் இதை வெயிலின் பெயரால் அழைப்பதில்லை. 'ஊறுகாய்ச் சாறு ஆட்டம்' என்றே சொல்கிறார்கள்.

அந்தக் கோடையில் டல்லஸ் வட்டாரம் வறண்டு கிடந்தது. ஜூலை 1 முதல் செப்டம்பர் 22 வரை 84 நாட்கள் அங்கே மழையே பதிவாகவில்லை. டெக்சஸ் ஸ்டேடியத்தின் அமைப்பும் வேதனையைக் கூட்டியது. பார்வையாளர்களுக்கு மேலே கூரை இருந்தது. ஆடுகளத்துக்கு மேலே மட்டும் பெரிய திறப்பு. வெயில் நேராக உள்ளே இறங்கியது, காற்றோ சுற்றுச்சுவரைத் தாண்டி வரவில்லை. தரையும் செயற்கைப் புல். சூட்டை உறிஞ்சிய அந்தத் தரையில், தலைக்கவசமும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, நூற்று நாற்பது, நூற்றைம்பது கிலோ எடையுள்ள முன்வரிசை வீரர்களான லைன்மேன்கள் மூன்று மணி நேரம் முட்டி மோத வேண்டும். போதாக்குறைக்கு, சொந்த மைதானத்தில் வெள்ளைச் சட்டை அணிவது கவ்பாய்ஸின் நெடுநாள் வழக்கம். அதனால் வெயிலை இழுக்கும் கரும்பச்சை ஈகிள்ஸுக்கு வந்து சேர்ந்தது.

கணக்குப்படி பார்த்தால் எல்லாமே டல்லஸுக்குச் சாதகம். அவர்கள் ஆடிப் பழகிய ஊர், பயிற்சி முகாமும் டெக்சஸ் வெயிலில்தான். ஈகிள்ஸோ பென்சில்வேனியாவில் பயிற்சி எடுத்து வந்தவர்கள். முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களில் 5 மட்டுமே வென்றவர்கள். பயிற்சியாளர் ஆண்டி ரீடுக்கு அது இரண்டாவது ஆண்டு.

ரீட் முதல் உதையிலேயே சூதாடினார். அந்நாளில் வழக்கமாகத் தொடக்க உதையில் பந்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எதிரணியிடம் அனுப்பினார்கள். ஈகிள்ஸின் டேவிட் ஏக்கர்ஸ் குட்டையாக உதைத்தார். பந்து பத்து யார்டு கடந்துவிட்டால் உதைத்த அணியே அதைக் கைப்பற்றலாம் என்பது அப்போதைய விதி. இறுதி நிமிடங்களில் பின்தங்கிய அணிகள் வேறு வழியின்றிக் கையாளும் இந்த உத்தியை டல்லஸ் அப்போது எதிர்பார்க்கவே இல்லை. டமீன் டக்ளஸ் பந்தைக் கைப்பற்றினார். அந்த முதல் படையெடுப்பே, பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் டச்டவுனில் முடிந்தது. புள்ளிகளைவிட முக்கியமான விளைவு ஒன்றுண்டு. பந்தோடு ஆட்டத்தைத் தொடங்கக் காத்திருந்த டல்லஸுக்குத் தடுப்பு வீரர்களைக் களமிறக்க வேண்டியதாயிற்று. கடும் வெயிலில் எந்த அணியின் தடுப்பு வரிசை அதிக நேரம் களத்தில் நிற்கிறதோ அதுதான் முதலில் வற்றிப்போகும்.

அதன்பின் பந்தோடு ஓடும் ஈகிள்ஸ் வீரர் டூஸ் ஸ்டேலியின் ஆட்டம். லைன்மேன்கள் திறந்த இடைவெளிகளில் புகுந்து 26 ஓட்டங்களில் 201 யார்டு சேர்த்தார். ஓர் ஆட்டத்தில் 1949இல் ஸ்டீவ் வான் பியூரன் ஓடிய 205 யார்டுதான் அப்போதைய ஈகிள்ஸ் சாதனை. நான்கு யார்டில் அது தப்பியது. தடுப்புப் பக்கத்தில் புதுமுகம் கோரி சைமன், தன் முதல் ஆட்டத்தின் முதல் நகர்விலேயே டல்லஸின் பந்தெறியும் வீரரான குவார்ட்டர்பேக் டிராய் எய்க்மனை வீழ்த்தினார். ஜெரமையா டிராட்டர் எய்க்மனின் பந்தை இடைமறித்து டச்டவுன் வரை ஓடினார். தலையில் அடிபட்ட எய்க்மன் முதல் பாதியிலேயே வெளியேற, பழைய ஈகிள்ஸ் நட்சத்திரம் ராண்டல் கன்னிங்ஹாம் டல்லஸுக்காக ஆட வந்தார். புதுமுக வீரர் தேர்வில் இரண்டு முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து டல்லஸ் வாங்கிய ஜோயி கேலோவே, தோல்வி உறுதியான பிறகு முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவத்தையே இழந்தார்.

டல்லஸ் வீரர்கள் பலர் தசைப்பிடிப்பால் தவித்தார்கள். ஈகிள்ஸ் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. காரணம் கேட்டபோதுதான் உடற்பயிற்சி மருத்துவக் குழுத் தலைவர் ரிக் பர்க்ஹோல்டர் வீரர்களுக்கு ஊறுகாய்ச் சாறு கொடுத்த செய்தி வெளியே வந்தது. வெள்ளரிக்காயை உப்பும் வினிகரும் கலந்த நீரில் ஊறப்போடும் ஜாடியில் மிஞ்சும் புளித்த நீர் அது. வியர்வையில் போகும் உப்பை அது ஈடுகட்டும் என்பது எண்ணம்.

விளக்கம் அவ்வளவு எளிதல்ல. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நீர் குறைந்த தன்னார்வலர்களின் பாதத் தசையில் மின்தூண்டலால் பிடிப்பை வரவழைத்தார்கள். ஊறுகாய்ச் சாறு குடித்தவர்களுக்கு அது சுமார் 85 வினாடியில் விட்டது. தண்ணீர் குடித்தபோது இருந்ததைவிட இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விரைவு. அந்தக் குறுகிய நேரத்தில் உப்பு இரத்தத்தில் கலந்திருக்க முடியாது. வினிகரின் புளிப்பு தொண்டை நரம்புகளைத் தூண்டி, தசைக்குப் போகும் கட்டளையைத் தணிக்கிறது என்பதே ஆய்வாளர்களின் ஊகம். மேலும், அவர்கள் சோதித்தது வந்த பிடிப்பை விடுவிப்பதை. முன்கூட்டியே குடித்தால் பிடிப்பு வராது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை; ஈகிள்ஸ் செய்ததோ முன்கூட்டியே குடித்ததுதான்.

ஆகவே ஜாடி நீருக்கு உதவியாளர் இடம் தரலாம், ஆட்ட நாயகன் பட்டம் தர முடியாது. ஆட்டத்தை முடித்தவை அந்தக் குட்டை உதையும் ஸ்டேலியின் 201 யார்டும்தான். அந்தப் பருவத்தை ஈகிள்ஸ் 11-5 என்றும், டல்லஸ் 5-11 என்றும் முடித்தன. ஐந்தாவது ஆட்டத்தோடு ஸ்டேலி பாதக் காயத்தால் விலகிய பின்னும் ஈகிள்ஸ் வென்றுகொண்டே இருந்தது என்பதை, சாற்றுக்கே முழுப் புகழும் தருபவர்கள் கவனிக்க வேண்டும். டல்லஸ் அணி 2009இல் ஆர்லிங்டனில் குளிரூட்டப்பட்ட, மூடித் திறக்கும் கூரையுள்ள அரங்குக்கு மாறியது. டெக்சஸ் ஸ்டேடியம் 2010 ஏப்ரலில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.