பேய்க்கதையும் புல்முடிச்சும்

புதர் மண்டிய ஒற்றையடிப் பாதை. ஓரத்தில் பட்டுப்போன புளியமரம். நள்ளிரவு. தொலைவில் நரியின் ஊளை. தனியே வருகிறான் ஒருவன். இவ்வளவு போதும் நம் கதாசிரியர்களுக்கு! அடுத்த வரியில் வெள்ளைப் புடவை வரும். விரித்த கூந்தல் வரும். சலங்கை ஒலி வரும். படிப்பவர் நெஞ்சு படபடக்கும், ஏடு விலைபோகும். தொடர்கதையில் உலவிய அந்த உருவம் வெள்ளித்திரைக்குச் சென்றது. இன்று கைப்பேசித் திரையிலும் உலவுகிறது. உடையும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை.

பொழுதுபோக்குத்தானே, போகட்டும் என்பார் உண்டு. நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு ஆசிரியராய்ச் செல்லும் வரையில். அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்கிறோம். முதலில் ஒரு கேள்வி: காட்டு வழியைப் பற்றி எழுதத் தமிழுக்குத் தெரிந்த முறை இது ஒன்றுதானா?

இல்லை என்கிறது பத்துப்பாட்டு. அதனுள் இறுதியாக நிற்பது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், 583 அடிகள். நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். மலைவழி, காட்டுவழி, பலர் நடவாத வழி. அவன் என்ன சொல்கிறான்? பேய் பிடிக்கும் என்றா? அல்ல. தினைப்புனத்தை அழிக்க வரும் பன்றிக்காகப் புழைதோறும் கற்பொறி வைத்திருக்கிறார்கள். ஆகவே இருளில் போகாதீர்கள், விடிந்தபின் போங்கள் என்கிறான். பரற்கல் நிறைந்த பள்ளங்களில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும். பார்த்து நடந்து, சற்று விலகிச் செல்லுங்கள் என்கிறான். யானையை விரட்டப் பரண்மேல் நின்று கவண்கல் எறிவார்கள். மரங்களின் மறைவில் கடந்து போங்கள் என்கிறான். பாசி படிந்து கால் வழுக்கும் இடம் எது என்பதையும் அவன் மறக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் விறலியர் இருக்கிறார்கள் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். பெண்கள் நடந்த வழி அது! பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு வா என்று அந்தக் கூத்தன் சொல்லவில்லை. பெண்ணும் நடக்கும்படியாக வழியைச் சொன்னான்.

இன்னொன்றும் சொன்னான். வழி பிரியும் இடங்களில், பின்னே வருவோர் திகைக்காதிருக்க, புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்றான். நாம் கடந்தால் போதும் என்றிராமல், அடுத்து வருபவரை நினைத்த கை அது. காட்டு வழியைப் பற்றிய இலக்கியத்தில் இதனினும் உயர்ந்த ஒரு செய்கையை நாம் கண்டதில்லை.

மலைபடுகடாத்தில் தெய்வமே இல்லையா, தொழுகையே இல்லையா என்று கேட்பவர்க்கு ஒளிக்காமல் விடை சொல்வோம். இருக்கிறது. நடுகல்லும் இருக்கிறது, மலைத்தெய்வமும் இருக்கிறது. அது அக்காலத்து நம்பிக்கை. ஆனால் தெய்வத்தைச் சொன்ன புலவர், பாம்பு கிடக்கும் பள்ளத்தைச் சொல்லாமல் விட்டுவிடவில்லை. நம் காலத்துப் பேய்க்கதையோ பேயை மட்டும் சொல்லிப் பள்ளத்தை மறைக்கிறது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையைப் பாருங்கள். மதுரைக்குச் செல்லும் வழிகளை மாங்காட்டு மறையவன் விரிக்கிறான். ஒரு வழியில் மூன்று பொய்கைகள்: ஒன்றில் மூழ்கினால் இலக்கண நூல் கைவரும், ஒன்றில் மூழ்கினால் முற்பிறப்புத் தெரியும், ஒன்றில் மூழ்கினால் விரும்பியது கிட்டும்! அத்தனையும் இனாம்! கவுந்தியடிகள் மயங்கினாரா? வேண்டாம் என்று மறுத்துவிட்டு நடந்தார். சமணத் துறவியான அவர் தம் சமயத்தின்மீது நின்றே மறுத்தார். ஆனாலும், நூலறிவைக் குளத்து நீரில் தேட மறுத்த அந்தத் துணிவு நமக்கு இனிக்கிறது.

அவர்கள் சென்ற வழியில் கானுறை தெய்வம் ஒன்று குறுக்கிட்டது. எந்த உருவில்? மாதவியின் தோழி வயந்தமாலையின் உருவில். கோவலன் மந்திரம் சொல்லி அதை விலக்கினான் என்கிறது காப்பியம். மந்திரத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் இளங்கோவின் மனநூல் அறிவை ஏற்கிறோம். புலி உருவில் வரவில்லை, பூத உருவில் வரவில்லை. அவன் விட்டுவந்த மாதவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது! காட்டில் அவன் கண்டது அவன் நெஞ்சில் இருந்ததே அன்றோ?

அப்புறம்? காடு அவனைக் கொல்லவில்லை. கண்ணகியையும் கொல்லவில்லை. பாலையும் புதரும் கடந்து பத்திரமாய் வந்தவன், மாட மதுரையில், பொற்கொல்லன் சொன்ன பொய்யாலும் மன்னன் ஆராயாது இட்ட ஆணையாலும் மாண்டான். அஞ்ச வேண்டியது எது என்பதைக் காப்பியம் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி நம் கதை. நாம் பணியாற்றிய பள்ளிக்கும் பக்கத்துச் சிற்றூருக்கும் இடையே ஏரியை ஒட்டி ஒரு குறுக்கு வழி. நடந்தால் அரைமணி நேரம். சாலை வழியோ அதைப்போல் மூன்று பங்கு. பேருந்தும் வேளைக்கு வராது. குறுக்கு வழியில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது, ஆள் நடமாட்டமில்லை. காரணம்? அங்கே ஒரு பெண்ணின் பேய் இருக்கிறதாம்! எட்டாம் வகுப்பு முடித்த மூன்று மாணவியர் பள்ளிக்கு வருவதை நிறுத்தினர். ஒருத்தியின் தந்தையைக் கண்டு பேசினோம். "நீங்க படிச்சவங்க சார், நம்ப மாட்டீங்க. பொம்பளைப் புள்ளையை அந்த வழியில எப்படி அனுப்புறது?" என்றார்.

நாம் செய்தது என்ன? வீரம் காட்டினோம்! ஓர் அமாவாசை இரவில் தனியே அந்த வழியில் நடந்து ஊருக்குள் போய் நின்றோம். ஊரார் வியந்தனர், "சாருக்கு நெஞ்சழுத்தம்" என்றனர். ஒரு மாணவிகூடத் திரும்பவில்லை. பேய்க்கதையில் ஒரு வீரன் பாத்திரம் சேர்ந்தது, அவ்வளவுதான்! சுடுகாட்டில் படுத்துறங்கிப் பந்தயம் வெல்லும் தோழர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், அந்தத் தந்தையையும் சில இளைஞர்களையும் அழைத்துக்கொண்டு அரிவாளோடு சென்றோம். வேம்பையும் நொச்சியையும் தொடாமல், பாதையை மூடிய கருவேலத்தை மட்டும் வெட்டிக்கொண்டே போனோம். பாதிவழியில் முன்னே சென்றவர் "நில்லுங்க" என்று கத்தினார். புதருக்கடியில், தரையோடு தரையாக, கைப்பிடிச் சுவரில்லாத பாழுங்கிணறு! உடன் வந்த முதியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: பல்லாண்டுகளுக்கு முன் அந்தப் பெண் மாண்டது இதில் விழுந்துதான் என்று.

நமக்கு உடல் நடுங்கியது. அமாவாசை இரவில் நாம் நடந்தது அந்தக் கிணற்றுக்கு இரண்டடி தள்ளி! கிணறு கொன்றது, பழி பேயின்மேல் விழுந்தது. பேய்க்கு அஞ்சி ஆட்கள் விலகினர். ஆட்கள் விலகவே கிணற்றை மூடுவாரில்லை. அன்றே முள்வேலி இட்டோம். எழுதிக் கேட்டு அலைந்தபின் சுவரும் வந்தது. இரு மாணவியர் பள்ளிக்குத் திரும்பினர். மூன்றாமவளுக்கு அதற்குள் திருமணம் முடிந்திருந்தது. பேய் எவரையும் கொல்வதில்லை என்று இனி எந்த வாயால் சொல்வோம்? பேய்க்கதை ஒரு படிப்பைக் கொன்றதே!

அச்சம் போனால் காடும் போய்விடும், கோயில் காடுகளைக் காத்தது அச்சமல்லவா என்று சிலர் கேட்கின்றனர். கேள்வியில் உண்மை உண்டு. ஆனால் அச்சம் காத்ததை ஆசை ஒரே நாளில் விற்றுவிடும். அறிந்தவன் காக்கும் காவலே நிலைக்கும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். காட்டுக்கு அஞ்சி வீட்டில் இருந்தவருக்கு அந்தப் பெயர்கள் தெரிந்திருக்குமா? பெயர் தெரியாத காட்டுக்காக எவர் பரிந்து பேசுவார்?

ஆகவே, எழுதும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். காட்டை எழுதுங்கள், இருளையும் எழுதுங்கள். அஞ்சாதே என்று வீரம் பேச வேண்டாம்; அஞ்ச வேண்டிய இடம் எது என்று காட்டுங்கள். உங்கள் கதையைப் படித்து முடித்த ஒரு சிறுமி, நாளைக் காலையில் அந்த வழியே நடப்பாளா, வீட்டில் அடைந்து கிடப்பாளா? அதைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். பெருங்கௌசிகனாரின் கூத்தன் முடிந்துவைக்கச் சொன்ன புல் நம் கையிலும் இருக்கிறது.