மண்ணின் மொழி, மறையின் எழுத்து

இரண்டாம் உலகப் போரின்போது அல்பேனிய முஸ்லிம் குடும்பங்கள் யூதரைத் தம் இல்லங்களில் மறைத்துக் காத்த வரலாற்றை இன்று பலரும் அறிவர். கொடுத்த வாக்கை உயிரினும் பெரிதாக மதிக்கும் ‘பெசா’ என்னும் மரபு அதற்குத் துணைநின்றது என்பர். அஃது இடுக்கண் நேரத்து நட்பு. இடுக்கண் ஏதுமின்றி, சரக்கும் கணக்கும் கடிதமுமாக நடந்த நட்பைக் காண நாம் ஐரோப்பா செல்ல வேண்டியதில்லை. சோமனூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் போதும். கி.பி. 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், கொல்லத்துக் கிறித்தவக் கோயிலுக்கு அளித்த உரிமைகளுக்குச் சாட்சியாக அரபியில் ஒப்பமிட்டோரும் உளர். எபிரேய எழுத்தில் பாரசீகம் எழுதி ஒப்பமிட்டோரும் உளர்.

அந்த உலகின் பிற்பகுதியை நமக்குக் காட்டுவது, அமிதவ் கோஷ் 1992-இல் வெளியிட்ட ‘இன் ஆன் ஆன்டிக் லேண்ட்’ என்னும் நூல். துனீசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜூ என்ற யூத வணிகர் 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் வாழ்ந்தார். மிளகும் பாக்கும் ஏடனுக்கு அனுப்பினார். அங்கிருந்து அவருக்குத் தாளும் சர்க்கரையும் வந்தன. அவருடைய ஏடன் நண்பர் மத்மூன், அந்நகர ஆளுநரான முஸ்லிம் பிலாலுடன் கூட்டுச் சேர்ந்து இலங்கைக்குக் கப்பல் விட்டவர்.

இக்கடிதங்களின் மொழி அரபி, எழுத்தோ எபிரேயம். நம்மவர்க்கு இதில் வியப்பென்ன? தமிழை அரபு எழுத்தில் எழுதியவர்கள் அல்லவா நம் முன்னோர்! பென் யிஜூவின் அடிமையின் பெயரில் உயிர்க்குறி இல்லை. மெய்யெழுத்துகளை மட்டும் கொண்டு ‘பொம்மா’ என நூலாசிரியர் உய்த்துணரும் பகுதியே நூலின் சிகரம். அரபுத்தமிழ் ஏட்டை எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் அந்தப் பாட்டை அறிவர்.

ஆனால் அதே பொம்மாவிடத்தில்தான் நூல் வழுக்குகிறது. அக்கால அடிமைமுறையைப் புரவலர்க்கும் பணியாளர்க்கும் உள்ள உறவுபோல மென்மையாக்கி, பக்தனும் இறைவனும் என்ற உவமை வரை கொண்டுசெல்கிறார் ஆசிரியர். விலைக்கு வாங்கப்பட்டவன் அந்த உவமையை ஏற்றிருப்பானா? பழைய உலகை நேசிப்பது வேறு. அதற்குப் பொன்முலாம் பூசுவது வேறு. அதே நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் அல்முவஹ்ஹிதுகள் யூதரைத் துன்புறுத்தியதை மறைக்காத ஆசிரியர், இங்கு மட்டும் ஏன் நெகிழ்ந்தார்?

இக்கடிதங்கள் பிழைத்ததே ஒரு வழக்கத்தால். இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கலாகாது என்று பழைய கெய்ரோவின் யூதர் தம் தொழுகைக்கூடத்தின் அறையொன்றில் எல்லாத் தாளையும் போட்டு வைத்தனர். அச்சம் நமக்கும் அதுவே. ஆனால் நாம் மண்ணில் புதைத்தோம்; நீரில் விட்டோம். என் பாட்டியார் சிதைந்த கிதாபுகளை வெள்ளைத் துணியில் சுற்றிக் கிணற்றில் இறக்கியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றின் ஓரத்தில், அரபு எழுத்தில், பாட்டனாரின் நூல் வணிகக் கணக்கு இருந்தது. திருமறைத் தாள்களோடு அதுவும் போயிற்று.