தாத்தா பீரோவும் உப்புத்தாளும்

தாத்தா வீட்டுத் தேக்கு பீரோ பங்கில் வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது மெஷின் வைத்துத் தேய்ப்பதுதான். பழைய பாலிஷ் அடியோடு போக வேண்டும், வெளுத்த மரம் தெரிய வேண்டும். அதன்மேல் மெலமைனோ பியூ (பாலியூரித்தேன்) பாலிஷோ அடித்து, கடையிலிருந்து நேற்று இறங்கியது போல நிறுத்திவிட வேண்டும். பீரோவைக் காப்பாற்றிய திருப்தி எல்லோருக்கும். காப்பாற்றியது பாதிதான் என்பது என் கட்சி.

நல்ல பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மரம் இனிச் சுலபத்தில் கிடைக்காது. செட்டிநாட்டிலிருந்து தஞ்சாவூர் வரை பழைய வீடுகளில் இருக்கும் பர்மா தேக்கு, காட்டில் நிதானமாக வளர்ந்து வைரம் பாய்ந்த மரம். மியான்மர் 2014-இல் உருட்டுமரமாக ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. இன்றைய தோட்டத் தேக்கைச் சீக்கிரமே வெட்டிவிடுகிறார்கள். அதில் வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியிருக்கும் இளமரம், அதிகம். கரையான் கிட்ட வராமல் தடுப்பது வைரம்தான், வெளிற்றுக்கு அந்தச் சக்தி கிடையாது. ஆகவே கால் ஒடிந்த பழைய நாற்காலிக்கு ஒரு கால் செய்து போடுவது, தண்ணீர் பட்டால் உப்பும் பலகையில் புதுசு வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம். கூலி புது நாற்காலி விலையைத் தொட்டாலும் கணக்கு உதைக்காது.

மூட்டு வேலையிலும் பழையதற்கே என் ஓட்டு. அந்தக் காலத்து ஆசாரிகள் ஒட்டியது வச்சிரத்தால். மாட்டுத்தோல், எலும்பு காய்ச்சி எடுத்த பசை அது. சூடும் ஈரமும் பட்டால் இளகும். ஆடும் மூட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி சேர்க்கலாம். பெரிய கட்டில்களில் பசையே இருக்காது, ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிப் போன சாமான்கள் அவை. சட்டத்தின் உட்பக்கம் பார்த்தால் எந்த முனை எந்தத் துளைக்கு என்று உளியால் போட்ட கோடுகள் தெரியும். 1959-இல் வந்த ஃபெவிகால் புது வேலைக்கு அருமையான சரக்குதான். ஆனால் பழைய மூட்டில் அதை ஊற்றி நாலு ஸ்க்ரூவும் முடுக்கிவிட்டால், அடுத்து பழுது பார்க்க வருகிறவர் மூட்டை உடைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

மேற்பரப்பில்தான் பெரிய சேதம். பழைய பாலிஷ் என்பது அரக்கு. ஒரு பூச்சி மரக்கிளையில் சுரந்து வைக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் மெல்லிய பூச்சாகப் பல தடவை தேய்த்து ஏற்றியது. இதற்குக் குறையும் உண்டு. சுடச்சுடக் காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஸ்பிரிட் பட்டால் கரையும். ஆனால் கரைவதுதான் அதன் பலமும்: புதுப் பூச்சு பழைய பூச்சை இளக்கி அதனோடு கலந்துவிடும். மங்கிய இடத்தை மட்டும் துடைத்து, இன்னொரு பூச்சு ஏற்றினால் போதும். மெலமைனும் பியூவும் வேதியியல் முறையில் இறுகிவிடுகிறவை. வெந்நீருக்கும் கறைக்கும் அசையாது, சாப்பாட்டு மேசைக்கு அதுவே சரி. ஆனால் பத்து வருஷம் கழித்து ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். மறுபடி உப்புத்தாள், மறுபடி மரம் தேயும். இப்படி இரண்டு மூன்று தடவை போனால் சித்திர வேலையில் இலை நரம்பு மழுங்கிவிடும், கொடியும் பூவும் சோப்புக் கட்டி மாதிரி வழுவழுத்துப் போகும். மெல்லிய ஈட்டி மரத் தகடு ஒட்டிய பீரோ என்றால் முதல் தடவையே தகடு ஓட்டையாகும் அபாயம் உண்டு. இதில் வேடிக்கை, காற்றும் வெளிச்சமும் பல வருஷமாக ஏற்றிய பழுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதே பழுப்பு வேண்டும் என்று டப்பாவிலிருந்து வால்நட் ஸ்டெயின் பூசுகிறார்கள்.

அதற்காக, தூசு தட்டுவதைத் தவிர எதுவும் செய்யாதே என்று சொல்லும் புராதனப் பொருள் பிரியர்கள் பக்கமும் நான் இல்லை. கல்யாணம் வந்தால் வீட்டுச் சாமானுக்கு பாலிஷ் போடுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் புனிதமாக்குவது விற்பனைக்காரர்களின் தந்திரம். பழைய வழக்கம் மேலே ஏற்றியது, இப்போதைய வழக்கம் அடியைச் சுரண்டுகிறது. 1964-இன் வெனிஸ் சாசனம் கட்டடங்களுக்காக எழுதப்பட்டது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது. பீரோவுக்கும் அந்த விதி பொருந்தும். தொலைந்த கைப்பிடிக்குப் பதில் சாதாரணப் பித்தளைக் குமிழ் போடுங்கள். பாட்டி காலத்தில் இல்லாத யாளி முகம் எதற்கு?

எனாமல் பெயின்ட் அடித்த சாமானுக்கு வேறொரு எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற சட்ட வரம்பு இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு விதிகளில்தான் வந்தது. குழந்தை இருக்கும் வீட்டு வராந்தாவில் அதை மெஷினால் தேய்த்துப் பறக்கவிடுவதைவிட, பெயின்டோடு அப்படியே வைத்துக்கொள்வது மேல்.

பரம்பரைச் சாமானின் மேல் இருப்பது எல்லாம் பாசம்தானா என்பதும் யோசிக்க வேண்டியது. 1997-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யில் குடும்பப் பெருமை பேசியபடி நாற்காலியை விட்டு எழாத முஸ்தபாக்கண்ணு, வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். இன்று பளபளக்கும் பியூ பாலிஷிலும் அந்தப் பெருமையின் சாயல் கொஞ்சம் உண்டு. வரவேற்பறையில் நின்றால் போதும். பீரோவுக்குள் துணி அடுக்கவோ சாய்வு நாற்காலியில் மதியம் சாயவோ யாருக்கும் நேரமில்லை. ஆள் உட்காராத நாற்காலியில் பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் நார் பின்னியிருந்தாலும் யாருக்கும் முதுகு வேர்க்காது.

அதனால்தான் அடுக்குமாடி வீட்டு லிஃப்டில் நுழையாத கட்டிலை அறுத்து பெஞ்சாக்கிக்கொண்டவர்களை நான் அவ்வளவாகக் குறை சொல்வதில்லை. அறுத்தது இழப்புதான். ஆனால் அந்த பெஞ்சில் தினமும் யாரோ உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறார்கள். அறுக்கும் முன் ஒரு காரியம் செய்யச் சொல்வேன்: ஆப்புகளைத் தட்டிப் பாருங்கள். பல கட்டில்கள் நாலு காலும் சட்டங்களுமாகப் பிரிந்து, படிக்கட்டு வழியே ஏறிவிடும்.