கள்வர் கூடிய அவை

கோலேந்திய மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்தி வழிமறிக்கும் கள்வனின் செயலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அங்கே மன்னன் கள்வனைப் போன்றவன். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ (1938–2025) படைத்து, தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என வந்துள்ள புதினத்திலோ, அந்தப் ‘போன்ற’ என்னும் உவம உருபு உதிர்ந்துவிடுகிறது. ஆட்சியை அண்டி வாழும் செல்வர்கள் கள்வர்களாகவே அவையேறுகின்றனர்.

இந்நூல் பிறந்த சூழல் நம் மாணாக்கர் அறியத்தக்கது. 1977இல் கிகூயூ மொழியில் மக்கள் நாடகம் ஒன்றை மேடையேற்றியமையால் விசாரணையின்றிச் சிறையிடப்பட்ட கூகி, சிறையில் தந்த கழிவறைத் தாளில் இதனை எழுதினார். அதுவரை ஆங்கிலத்தில் புதினம் படைத்தவர், இதனைத் தம் தாய்மொழியில் எழுதி 1980இல் வெளியிட்டார்.

இல்மொராக் என்னும் ஊரில் கள்வர்க்கும் கொள்ளையர்க்கும் ஒரு போட்டி நடைபெறுகிறது. அயல்நாட்டு முதலாளிகள் அதன் சிறப்பு விருந்தினர். ஒவ்வொருவனும் தன் களவுத் திறத்தைப் பெருமிதத்துடன் எடுத்துரைக்கிறான். மண்ணையும் காற்றையும் கலங்களில் அடைத்து விற்கலாம் என்கிறான் ஒருவன். நாம் சிரிக்கிறோம், சிரிப்பு அடங்குமுன் நெஞ்சு சுடுகிறது. அந்நியர் துணையின்றி நாமே திருடுவோம் என்பவனையோ அவை பொறுப்பதில்லை. உள்நாட்டு ஊழலும் அயல்நாட்டுச் சுரண்டலும் இரு வேறு தீமைகள் அல்ல. ஒன்று வாயிலைத் திறக்கிறது, மற்றொன்று உள்ளே நுழைகிறது. இவ்வுண்மையை அறிவுரையாகக் கூறாமல் அங்கதமாக்கியதே ஆசிரியரின் வெற்றி.

விடுதலைப் போரில் பங்கேற்ற உழவர்குலப் பெண் வங்காரி, கள்வரைப் பிடிக்கக் காவலரை அழைத்து வருகிறாள். காவலர் அவளையே கைது செய்கின்றனர். நூலின் உச்சம் இதுவே என்பேன்.

குறையும் உண்டு. கள்வரின் உரைகள் நீண்டு ஒரே சுருதியில் ஒலிக்கின்றன. இறுதியில் கதைத்தலைவி வரீங்கா தன்னைக் கெடுத்த செல்வனைச் சுட்டு வீழ்த்துகிறாள். களவு ஓர் அமைப்பு என நூல் முழுதும் காட்டியவர், ஒருவனின் சாவில் கதையை முடிப்பது பொருந்துமா? அவன் இடத்திற்கு வர நூறு பேர் காத்திருக்கின்றனரே!

எனினும், தமிழாசிரியர்கள் இந்நூலை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தாய்மொழி தாலாட்டுக்கும் வாழ்த்துக்கும் மட்டுமே உரியதன்று. கள்வனைக் கள்வன் எனச் சுட்டவும் அதுவே வல்லது. அவ்வன்மையை ஒருவர் சிறைக்குள்ளிருந்து மெய்ப்பித்தார். வெளியில் இருக்கும் நாம் நம் மொழியில் என்ன எழுதுகிறோம்?