‘பிக் அப்’ என்னும் தொடர்வினையும் ‘கொள்’, ‘எடு’ என்னும் துணைவினைகளும்

கல்லாற்றைக் கடந்து பொன்முடிக்கு ஏறும் மலைச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய ஏற்றத்தில் திணறும் வண்டியை ஓட்டுநர், தமிழராயினும் மலையாளியாயினும், ‘பிக்கப் இல்லை’ என்றே குறை கூறுவர். சுமை ஏற்றும் சிறு வண்டிக்கும் ‘பிக்கப்’ என்பதே பெயர். ஆங்கிலத்தில் வினையாக வழங்கும் தொடர் இவ்விரு மொழிகளிலும் பெயராகவே குடிபுகுந்துள்ளது. நகரப் பேச்சில் வழங்கும் ‘பிக்கப் பண்ணு’ என்பதிலும் வினையின் வேலையைப் ‘பண்ணு’ என்பதே செய்கின்றது.

ஆங்கிலத்தில் இத்தொடர்வினையின் பொருட்பரப்பு பெரிது. தரையில் கிடப்பதை எடுத்தல், வழியில் நிற்பவரை வண்டியில் ஏற்றுதல், முறையாகப் பயிலாமல் ஒரு மொழியைக் கற்றல், நோய்க்கு ஆளாதல், வணிகம் தேறுதல், காற்று வலுத்தல், விட்ட இடத்திலிருந்து தொடர்தல் எனப் பொருள்கள் விரியும். ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பலவும் இத்தகைய தொடர்களுக்குத் தமிழ் வினைகளை நிரல்படக் கோத்துத் தருவதோடு அமைகின்றன. எந்தப் பெயரோடு சேரும்பொழுது எந்த வினை பொருந்தும் என்பதை அவை கூறுவதில்லை. பயன்படுத்துவோர் முதலில் கண்ட சொல்லை எடுத்தாள, மொழிபெயர்ப்பு பிழைபடுகின்றது. நிகர்ச்சொற்கள் ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் பட்டியல் பயன்படாமற்போவது இதனாலேயே.

தமிழ் நிகர்களைச் சற்று ஊன்றி நோக்கின் அவை சிதறிக் கிடப்பவையல்ல என்பது புலனாகும். பேருந்து ஆட்களை ஏற்றிக்கொள்கின்றது. சிறுவன் மொழியைக் கற்றுக்கொள்கின்றான். விட்ட கதையை ஒருவர் பிடித்துக்கொள்கின்றார். முதல் வினை மாறினும் ‘கொள்’ மாறவில்லை. செயலின் விளைவு செய்பவரிடமே வந்து சேர்வதை அது உணர்த்துகின்றது. நோயைப் பற்றிய வழக்கு மட்டும் திசைமாறி நிற்கின்றது. ஆங்கிலத்தில் மனிதன் நோயைப் பெறுகின்றான். தமிழில் நோய் மனிதனைத் தொற்றிக்கொள்கின்றது. எழுவாய் இடம் மாறியும் துணைவினை நிலைத்திருத்தல் நோக்கத்தக்கது.

‘எடு’ என்பதன் எல்லை வேறு. பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்தலும், கிடந்த ஒன்றைக் கைக்கொள்ளுதலும் அதற்குரியன: பொறுக்கியெடு, தேர்ந்தெடு, கண்டெடு. கண்டெடுத்தல் வழியில் கிடந்த காசுக்கு உரியது; கண்டுகொள்ளுதல் முகத்தை அடையாளம் அறிதற்கு உரியது. முதல் வினை ஒன்றாயினும் துணைவினையால் பொருள் முற்றிலும் வேறாகின்றது. (‘பொறுக்கு’ என்னும் குற்றமற்ற வினையிலிருந்து பிறந்த ‘பொறுக்கி’ வசைச்சொல்லாயிற்று என்பதையும் ஈண்டு நினைக்கலாம், அச்சொல்லுக்கு அஞ்சியோ என்னவோ, எழுத்துத் தமிழ் ‘பொறுக்கு’ என்பதைக் குறைத்தே ஆள்கின்றது.)

மலையாளத்தோடு ஒப்பிடும்பொழுதுதான் இவ்வெல்லையின் அருமை விளங்கும். அங்கு ‘படிச்செடுத்து’ என்பது இயல்பான வழக்கு. முயன்று கற்றுத் தன்வயமாக்கினான் என்பது பொருள். தமிழில் ‘படித்தெடுத்தான்’ என்பது வழக்கன்று. மாறாக, மலையாளத்தில் ‘கொள்’ துணைவினையாகும்பொழுது ‘வந்நோளூ’ என இசைவு தருதற்கும், ‘செய்தோளாம்’ எனப் பொறுப்பேற்றற்கும் பயன்படுகின்றது. பொன்முடியை ஒத்த தோட்டப்பகுதிகளில் தமிழர் பள்ளியின் துணையின்றி அண்டை மொழியைப் பேசப் பழகியதை ஆங்கிலம் ‘பிக் அப்’ என்னும். தமிழ் ‘கற்றுக்கொண்டனர்’ என்னும். ஒரே வேர்ச்சொற்களை உடைய உடன்பிறந்த மொழிகள் அவற்றுக்கு வேறு வேறு வேலையைக் கொடுத்துள்ளன. சொல்லின் வடிவொற்றுமையை நம்பும் மொழிபெயர்ப்பாளர் இங்குத்தான் இடறுவர்.

தமிழ்த் துணைவினைகள் பற்றிய ஆய்வுக்குக் குறைவில்லை. இ. அண்ணாமலையின் வினைவிரிவு பற்றிய ஆங்கில நூல் 1985இல் திருவனந்தபுரத்திலிருந்தே வெளிவந்தது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைப் பொருளைத் தனியே குறித்து எடுத்துக்காட்டுத் தொடரும் தந்தது. இப்பயன் இருமொழி அகராதிகளுக்குப் போதிய அளவு சென்று சேரவில்லை என்பதே குறை.

செயப்படுபொருள் குன்றிய இடங்களில் ‘கொள்’ உதவாது. வணிகம் சூடு பிடிக்கின்றது, காற்று வலுக்கின்றது, வண்டி வேகம் எடுக்கின்றது. ஓட்டுநர் ‘பிக்கப்’ என்று கூறும் ஆற்றலுக்கு ‘எடுப்பு’ என்னும் சொல்லைப் பரிந்துரைக்க இவ்வழக்கே இடந்தரும்; ஆயின் ‘எடுப்பான தோற்றம்’ என்பது அதற்குக் குறுக்கே நிற்கின்றது. தொலைபேசியைப் பொறுத்தவரை தமிழ், மலையாளம் இரண்டும் ‘எடு’ என்பதிலேயே உடன்படுகின்றன. தாங்கியிலிருந்து தூக்குவதற்குரிய பேசுகுழல் இல்லாத கைப்பேசிக்கும் அவ்வினையே தொடர்கின்றது.