மாதோட்டமும் மீதரவும்

ஆய்விதழ்களின் கட்டணத் தடை நீங்கினால் அறிவு பொதுவுடைமையாகிவிடும் என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. 2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் பிரகடனம் இந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது. ஆயின், கட்டுரையொன்று இலவசமாகக் கிடைப்பது வேறு. தேடுவோர்க்கு அகப்படுவது வேறு. பின்னதை நிர்ணயிப்பது மீதரவு, அதாவது ஆசிரியர், தலைப்பு, பொருள், மொழி, இடம் முதலியவற்றை உரைக்கும் தரவாகும்.

1995இல் உருப்பெறத் தொடங்கிய டப்ளின் கோர் நியமம் 15 கூறுகளைக் கொண்டது. அவற்றுள் எதுவும் கட்டாயமன்று. 2001இல் தோன்றிய திறந்த ஆவண அறுவடை நெறிமுறை இவ்வெளிய வடிவத்தையே குறைந்தபட்சத் தேவையாக ஏற்றது. இதனாற் சிறிய இதழ்களும் உலகத் தேடற் களத்திற் புக முடிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அவ்வெளிமைக்கு விலையுண்டு. இடத்தைக் குறிக்கும் கூறு வெறுமையாக விடப்பட்டாலும் பதிவு செல்லுபடியாகும்.

மன்னார்க் கரையை நோக்குமிடத்து இதன் விளைவு தெளிவாகும். அங்கிருந்த பண்டைத் துறைமுகம் தேவாரத்தில் மாதோட்டம். பாளி நூல்களில் மகாதித்த. இன்றைய வழக்கில் மாந்தை. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அங்கு நடத்திய அகழ்வின் நிறைவறிக்கை 2013இலேயே நூலாயிற்று. இப்பெயர்களை இணைத்துக் காட்டாத பதிவுகளில், மாதோட்டம் எனத் தேடும் மாணவருக்கு மகாதித்த பற்றிய கட்டுரை புலப்படாது.

கடலாய்விலோ குழப்பம் வேறு வகையினது. ‘மன்னார்’ என்ற சொல், 1989இல் இந்தியா உயிர்க்கோளக் காப்பகமாக்கிய மன்னார் வளைகுடாவின் தமிழகக் கரை பற்றிய ஆய்வுகளையும் வாரிக்கொண்டு வரும். தீவின் வடகரையிலுள்ள பேசாலையின் கடலை ஆராயும் கட்டுரையோ ‘பாக்கு’ என்ற பெயரின்கீழ் ஒதுங்கிவிடும். தம் வாழ்வாதாரம் பற்றி எழுதப்பட்டதைப் பேசாலை மீனவர் காணவியலாதெனின், அவ்வாய்வு யாருக்குத் திறந்தது?

ஆசிரியர் பெயரும் இத்தகையதே. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே கொள்ளும் நம் மரபு, குடும்பப் பெயர் கோரும் படிவங்களிற் சிதைந்து, ஒருவரை இருவராக்குகின்றது. 2012இல் அறிமுகமான ஓர்கிட் எண் இதற்கு ஓரளவு பரிகாரமாகும்.

மீதரவை எழுத்தர் வேலையென ஒதுக்குவது அறிவுலகின் வர்க்க நோக்கையே காட்டுகின்றது. 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களின் விவரங்களைத் தமிழிலேயே பதிந்து வருவது கவனத்திற்குரியது. தமிழ்த் தலைப்பு, தமிழ்ச் சுருக்கம், ஊரின் மாற்றுப் பெயர்கள் ஆகிய மூன்றையேனும் நம் இதழ்கள் கட்டாயமாக்குதல் வேண்டும். பெயர் சூட்டும் உரிமை மக்களிடம் சேராதவரை திறந்த அணுகல் பாதித் திறப்பேயாகும்.