புத்தம் வீடும் புதிய பெருமையும்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அதனையும் கடந்தால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததேயன்றி உறவையும் பேச்சையும் பிரிக்கவில்லை. பனைகளும் இருபுறமும் நிற்கின்றன. இந்நிலப்பகுதியின் வாழ்வைத் தமிழ் நாவலுக்குள் கொணர்ந்தவர்களுள் சிறப்பிடம் பெறுபவர் ஹெப்சிபா ஜேசுதாசன். 1964-இல் வெளிவந்த அவர்தம் 'புத்தம் வீடு' காதற்கதை என்றே பெரிதும் பாராட்டப்பெறுகின்றது. ஒருவனுடைய மதிப்பை எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினாவே அதன் உயிர்நாடி என்பது என் கருத்து.

புத்தம் வீடு பெயரால் புதியது. உண்மையில் பழம்பெருமை மட்டுமே எஞ்சிய வீடு. செல்வம் தேய்ந்துவிட்டது, செருக்குத் தேயவில்லை. அவ்வீட்டுப் பேத்தி லிஸி, வயது வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பெற்று வீட்டுக்குள் அடைபடுகிறாள். அவள் மனம் நாடிய தங்கராஜோ பனையேறியின் மகன். உழைப்பும் நற்குணமும் அவனிடம் இருந்தும், குடும்பப் பெருமை என்னும் முழக்கோலுக்கு அவன் எட்டவில்லை. அந்தக் கோல் தவறானது என்பதை ஆசிரியை எங்கும் உரத்துச் சொல்வதில்லை. கதையின் போக்கே அதனை நமக்கு உணர்த்திவிடுகிறது.

இதனால் நாவலின் நீதியைப் 'பணம் வேண்டா' என்று சுருக்கிவிடலாகாது. பனைத்தொழில் எளிதன்று. காலையும் மாலையும் மரம் ஏறியாக வேண்டும். கால் தவறினால் உயிர் தங்காது. பருவம் கழிந்தால் வருவாய் இல்லை. அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கப் பெண்கள் புகையில் வேக வேண்டும். இவ்வறுமைக்குப் பொன்முலாம் பூசுவது அறமாகாது. வள்ளுவரும் பொருளுக்கெனத் தனிப்பாலே வகுத்தார். அதனை அறத்துக்குப் பின்னும் இன்பத்துக்கு முன்னுமாக வைத்தார். பொருள் வேண்டும், அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அம்முறைவைப்பு நமக்குக் காட்டும் அளவு.

கதையில் இது நடக்கலாம், வாழ்வில் நடக்குமா என்று ஐயுறுவார்க்கு நெய்யாற்றின்கரையே சான்று தருகிறது. அவ்வூரில் 1904-இல் பிறந்தவர் காந்தியவாதி ஜி. இராமச்சந்திரன். தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான மருத்துவர் சௌந்தரம், பெற்றோரின் எதிர்ப்புக்கிடையே, குலம் கடந்து 1940-இல் அவரை மணந்தார். மருத்துவத்தால் பெரும்பொருள் ஈட்டியிருக்கக் கூடியவர்; செல்வர் வீட்டில் பிறந்தவர். இருவரும் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கிச் சிற்றூர் மக்களின் நலத்துக்கும் கல்விக்கும் வாழ்வை ஈந்தனர். அவர்கள் துறவிகளாகிவிடவில்லை, இணைந்து வாழ்ந்து, இணைந்து பணியாற்றினர். பணியும் வாழ்வும் ஒன்றையொன்று விழுங்காத நிலை அது.

நாவலில் ஒரு குறையும் உண்டு. லிஸியும் தங்கராஜும் இணைவதோடு கதை நிறைவுறுகிறது. அதன்பின் அன்றாடச் செலவுக்கும் அன்புக்கும் இடையே எழக்கூடிய இழுபறியை ஆசிரியை தொடவில்லை. பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்த நம்மனோர்க்கு அந்தப் பகுதியே இன்றியமையாதது. ஆசிரியையும் பர்மாவில் பிறந்தவர்தாம்; திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கியவர். எனினும் நாவல் எழுத முற்பட்டபோது பனங்காட்டு மக்களையே தேடி வந்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவர் எழுதாது விட்ட பகுதியை இன்று நம் இல்லங்கள் எழுதி வருகின்றன. பெண் கேட்டும் மாப்பிள்ளை பார்த்தும் பேச அமர்ந்தால், "சம்பளம் என்ன?" என்பதே முதல் வினா. எத்தனை மணிக்கு வீடு திரும்புவான், பிள்ளையோடு அமர்ந்து உண்ண அவனுக்குப் பொழுதுண்டா, செய்யும் வேலையில் அவனுக்கு மனநிறைவுண்டா என்று யாரும் கேட்பதில்லை. அன்று குடும்பப் பெருமை அமர்ந்திருந்த நாற்காலியில் இன்று ஊதியத்தொகை அமர்ந்திருக்கிறது. அளவுகோலின் பெயர் மாறியது; லிஸியின் சிறை மாறவில்லை. நம் பெண்மக்களும் ஆண்மக்களும் இந்நாவலைக் கற்க வேண்டும். அவர்களுக்கு மணம் பேசப் புறப்படும் பெற்றோர் அதற்கு முன்னரே கற்க வேண்டும்.